வியூஃபைண்டரில் வளைந்த கதவு

ஜூன் 3, செவ்வாய்

மூன்றாம் மாடி, மூன்று படுக்கையறை வீடு. விற்கிற கம்பெனிக்கு நாளைக்கே படம் வேண்டுமாம். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து இரண்டு மணிக்கு முடித்தேன். ஆள் இல்லாத வீட்டை ஆசைப்படும்படி காட்டுவதுதான் என் பிழைப்பு. இந்தத் தொழிலில் எனக்குப் பெயர் ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான். என் படத்தில் சுவர் சுவராக நிற்கும், கதவு கதவாக நிற்கும். ஒரு கோடு சாயாது.

இன்று கதவுச் சட்டம் வளைந்தது. கேமராவின் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் சட்டத்தின் நடுப்பகுதி தொப்பை போட்ட மாதிரி வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. தலையை எடுத்துவிட்டுக் கதவைப் பார்த்தால் நேர். மறுபடி கண்ணை வைத்தால் தொப்பை. லென்ஸை மாற்றிப் பார்த்தேன், அதே கதைதான். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் படம் நேராக இருக்கிறது. அப்படியென்றால் கோளாறு லென்ஸில் இல்லை. வியூஃபைண்டருக்குள் இருக்கும் குட்டித் திரை கெட்டுவிட்டது.

ஆறு வருடக் கேமரா. இதே கம்பெனியின் புது மிரர்லெஸ் மாடல் போன மாதம் வந்துவிட்டது. மனைவியிடம் பேச்சை எடுத்தேன். "படம் ஒழுங்கா வருதில்ல? அப்புறம் என்னங்க?" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

ஜூன் 5, வியாழன்

புது மாடலைப் பற்றி ஆறு வீடியோ பார்த்தேன். ஆறு பேருக்கும் பெட்டியைப் பிரிக்கும்போதே மூச்சு வாங்குகிறது. மனிதக் கண், பூனைக் கண், பறவைக் கண் எல்லாவற்றையும் கேமராவே தேடிப் பிடித்துவிடுமாம். நான் எடுப்பது சோபாவை. சோபாவுக்குக் கண் கிடையாது. ஆனால் அந்த வியூஃபைண்டர் இருக்கிறதே — இதைவிட இரண்டு மடங்கு தெளிவு. அது எனக்கு வேண்டும்.

தம்பியிடம் பழையதைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். பன்னிரண்டு வருடமாக என்னோடு வேலை செய்கிறான். பின்பக்கத் திரையைப் பார்த்துப் படம் எடுக்கிறவன், வியூஃபைண்டரில் கண் வைக்க மாட்டான். "எனக்கு நேராத்தான் தெரியுது அண்ணா" என்றான். அப்புறம் ஒரு சிரிப்பு. "புதுசு வாங்கணும்னு ஆசை வந்துருச்சு, இது கோணலாத்தான் தெரியும்."

அந்தச் சிரிப்பு இன்னும் எரிகிறது. கண்ணெதிரே வளைந்து கிடப்பதை இல்லை என்கிறான். எதற்காக இல்லை என்கிறான்?

இப்போதுதான் ஞாபகம் வருகிறது. தன் மகளின் பள்ளிக் கோடை முகாம் விளையாட்டு விழாவுக்கென்று இரண்டு வாரம் முன்பு கேமராவை வாங்கிப் போனான். "பாப்பா கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரிஞ்சா" என்று அவன்தான் சொன்னான். அதற்கு முன்னால் கேமரா நன்றாக இருந்ததா? இருந்தது. இருந்திருக்க வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

தம்பி வீட்டுக்குப் போனேன். சும்மா வந்த மாதிரி உட்கார்ந்து, தேநீரைப் பாதி குடித்துவிட்டு ஆரம்பித்தேன்.

"அன்னைக்கு ஸ்கூல்ல கேமரா எங்கயாவது கீழ விழுந்துச்சாடா?"

"இல்லையே."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"விழுந்தா நான் சொல்ல மாட்டேனா அண்ணா?" என்றான். முகம் மாறிவிட்டது. "கொஞ்ச நேரம் பாப்பாகிட்ட இருந்துச்சு. அப்ப மட்டும் நான் பக்கத்துல இல்ல."

அவளைக் கூப்பிட்டேன். எட்டு வயது. கையில் பாதி வரைந்த காகிதத்தோடு வந்தாள். கோபப்படாமல்தான் கேட்டேன். இல்லை என்றாள். மறுபடி கேட்டேன். "இல்ல பெரியப்பா." மூன்றாவது தடவை கேட்டபோது பதில் சொல்லாமல் அப்பா முகத்தைப் பார்த்தாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. "பெரியப்பா திட்ட மாட்டேன். பொய் சொல்றவங்களைத்தான் எனக்குப் பிடிக்காது" என்றேன். ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"எங்க விழுந்துச்சு?"

கொஞ்சம் யோசித்து, "படிகிட்ட" என்றாள்.

தம்பி ஒரே ஒரு அடி அடித்தான், கன்னத்தில். அவன் மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். என் பக்கம் திரும்பவே இல்லை. "அடிக்காதடா, சின்னப் பிள்ளை" என்று பெரிய மனுஷன் மாதிரி நான் சொன்னேன்.

திரும்பி வரும்போது மனம் லேசாக இருந்தது. நான் நினைத்தது சரியாகப் போனதில் ஒரு நிம்மதி. எழுதிவிடுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள்.

மனைவிக்கு மட்டும் ஒப்பவில்லை. "எட்டு வயசுப் பிள்ளையை நாலு தடவை கேட்டா நிலாவை உடைச்சதும் நான்தான்னு சொல்லும்" என்றாள். இவளுக்கு எப்போதும் எதிர்க்கட்சிதான்.

ஜூன் 9, திங்கள்

கேமராவை சர்வீஸ் சென்டரில் கொடுத்தாயிற்று.

ஜூன் 16, திங்கள்

கோளாறு எதுவும் இல்லையாம். திறந்து, துடைத்து, சோதித்து, ஒரு தாளில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். கவுன்ட்டரில் இருந்தவர் வியூஃபைண்டரில் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு சார்" என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். அவர் தலைக்குப் பின்னால் இருந்த அலமாரி நெளிந்தது.

"கீழ விழுந்த கேமரா இது."

"விழுந்த அடையாளமே இல்லையே சார். ஒரு கீறல்கூட இல்ல."

"விழுந்துச்சுன்னு போட்டவங்களே ஒத்துக்கிட்டாங்க. நீங்க இல்லைங்கறீங்க!"

கத்திவிட்டேன். வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். ஒரு கீறல்கூடவா இல்லை? படியில் விழுந்த பொருளில்? சரி, தோல் உறை போட்டிருந்திருக்கும். இல்லாவிட்டால் இவர்களுக்கு வேலை தெரியவில்லை. பழையதைச் சரிசெய்யாமல் விட்டால்தானே புதியது விற்கும்.

ஜூன் 17, செவ்வாய்

தம்பி வந்தான். உட்காரவில்லை, வாசலிலேயே நின்றான். "புது மாடலை நானே வாங்கித் தர்றேன் அண்ணா. என் பிள்ளை கெடுத்தது, நான்தான் சரி பண்ணணும்."

வேண்டாம் என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சனிக்கிழமை கடைக்குப் போகலாம் என்றேன்.

போகும்போது, "ஒரு வருஷத்துக்கு நீச்சல் கிளாஸ் கிடையாதுன்னு சொல்லிட்டேன். அப்பத்தான் புத்தி வரும்" என்றான். அவளுக்கு உயிரே அந்த நீச்சல்தான். மனைவி உள்ளே பாத்திரத்தைக் கீழே வைத்த சத்தத்தில் அவள் என்ன நினைக்கிறாள் என்று புரிந்தது.

ஜூன் 21, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கடை திறந்ததும் போய்விட்டோம். புது மாடலைக் கையில் கொடுத்தார்கள். கனம் கச்சிதம், பிடிப்பு அருமை. கண்ணாடிக் கதவு வழியாக எதிர்க் கட்டடத்தைப் பார்த்தேன். ஐந்து மாடி, ஜன்னல் ஜன்னலாக வரிசை. நடு ஜன்னல் மட்டும் நெளிந்தது.

"இந்தப் பீஸ் சரியில்ல, வேற கொடுங்க" என்றேன்.

விற்பனைப் பெண் மறுபேச்சுப் பேசாமல் இன்னொரு பெட்டியைப் பிரித்தாள். அதிலும் நெளிந்தது. "இந்த மாடலே தகராறு போல" என்றேன். வேறு கம்பெனி கேமரா ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதிலும், அதே இடத்தில், அதே நெளிசல்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். தம்பி அந்தப் பக்கம் கவுன்ட்டரில் ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்காத குரலில், "சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு தடவை இன்னொரு கண்ணுல பாருங்க" என்றாள்.

இருபத்திரண்டு வருடமாக வலது கண்ணில்தான் பார்க்கிறேன். இடது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வது என் கைப்பழக்கம், கண்பழக்கம், எல்லாம். இடது கண்ணை வைத்தேன். ஐந்து மாடியும் நேராக நின்றது.

முகத்தில் ஈயாடவில்லை எனக்கு. தம்பி பேனாவோடு திரும்பி, "என்ன அண்ணா, பில் போடச் சொல்லட்டுமா?" என்றான்.

"வேணாம். மாடல் பிடிக்கல."

"எனக்காக வேணாங்கறீங்களா?"

"பிடிக்கலடா."

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

குளியலறை ஓடுகளுக்கு முன்னால் நின்று ஒரு கண்ணை மூடி மூடிப் பார்த்தேன். இடது — கட்டம் கட்டமாக ஒழுங்கு. வலது — நடுவில் யாரோ உள்ளேயிருந்து தள்ளுகிற மாதிரி. எத்தனை தடவை பார்த்தாலும் மாறவில்லை. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது இடது கண் சமாளித்துக்கொடுத்திருக்கிறது. கேமராவில் மட்டும்தான் வலது கண் தனியாக மாட்டிக்கொண்டது.

பாப்பா போடல. கேமரா விழவே இல்ல. ஐயோ, என்ன செஞ்சு வெச்சிருக்கேன் நான்.

ஜூன் 25, புதன்

கண் மருத்துவமனை. கட்டம் போட்ட அட்டை, நடுவில் ஒரு புள்ளி. கோடு எங்கே வளைகிறது என்று விரலால் காட்டச் சொன்னார்கள். காட்டினேன்.

விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருக்கிறதாம். "எத்தனை நாளா இப்படி?" என்று டாக்டர் கேட்டார். மூன்று வாரம் என்றேன். "இது மாசக் கணக்கு. நீங்க கவனிக்கல" என்றார். கோடு கால் அங்குலம் சாய்ந்தால் கண்டுபிடிக்கிறவன் கவனிக்கவில்லையாம். கண்ணுக்குள் ஊசி போடுவார்கள், மூன்று தடவை. இதற்கு மேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், பழையபடி நேராகும் என்று உறுதி சொல்ல முடியாது.

வெளியே வந்ததும் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். படி இறங்கியதும், "உங்க கண்ணைப் பத்தி டாக்டர் சொல்லிட்டார். அந்தப் பிள்ளைகிட்ட யார் சொல்றது?" என்று கேட்டாள்.

"நான் சொல்றேன்."

ஜூலை 2, புதன்

சொல்லவில்லை. ஊசி போட்ட கண்ணோடு எப்படிப் போவது?

ஜூலை 5, சனி

சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

தம்பியோடு ஒரு ஓட்டலில் ஆறு அறைகளைப் படம் எடுத்தோம். பழைய கேமராதான். என்னிடம் அளந்து அளந்து பேசுகிறான். வேலை முடிந்து வண்டியில் போகும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "லென்ஸ் மூடி எங்க?" என்று கேட்டேன்.

எதற்கு இந்தப் பயம்? அவன் கோபப்படுவான் என்றா? கோபப்பட்டால் தீர்ந்துவிடும். அவன் அழுதால் என்ன செய்வேன்? என்னை நம்பித்தான் அவன் கையை ஓங்கினான். நான் கோணல் என்று சொன்னதை, அன்று ஒருநாள் சிரித்ததைத் தவிர, அவன் ஒரு தடவைகூடச் சந்தேகித்ததில்லை.

ஜூலை 13, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மருத்துவமனைத் தாளை மேசைமேல் வைத்தேன். தம்பி இரண்டு தடவை படித்தான். "அப்ப நான் எதுக்கு அண்ணா அவளை அடிச்சேன்?" என்றான். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, அந்தத் தாளைப் பார்த்துக் கேட்டான். அவன் மனைவி கதவருகில் நின்று, "நான் அன்னைக்கே சொன்னேன், யார் காதுல விழுந்துச்சு" என்றாள். அந்தக் குத்து எனக்குப் பாதி, அவனுக்குப் பாதி. இரண்டும் நியாயம்.

பாப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "நீ கேமராவைக் கீழ போடல கண்ணு. பெரியப்பாவோட கண்ணுலதான் கோளாறு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ."

அவள் என்னைப் பார்த்தாள். பெரியவர்களைச் சமாதானப்படுத்தும் குரலில், "இல்ல பெரியப்பா, நான் போட்டேன்" என்றாள்.

"இல்லடா. அது விழவே இல்ல."

"விழுந்துச்சு. படிகிட்ட, ரெண்டாவது படி. டொக்குன்னு சத்தம் வந்துச்சு. நான் எடுத்துத் துடைச்சேன். யாரும் பார்க்கல."

தம்பி சொல்லிப் பார்த்தான். அவள் அம்மா மடியில் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். பள்ளியில் எடுத்த படங்களை வரிசையாகக் காட்டி, பார், எல்லாம் நன்றாக இருக்கிறது, எங்கே விழுந்தது என்று நான் கேட்டேன். கேட்டவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். மறுபடியும் கேள்வி கேட்கிறேனே.

"இனிமே பொய் சொல்ல மாட்டேன் பெரியப்பா" என்றாள்.

ஜூலை 14, திங்கள்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மூன்றாவது ஊசி வெள்ளிக்கிழமை முடிந்தது. நெளிசல் குறைந்திருக்கிறது, போகவில்லை. புது மாடல் வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். பழையதையே தம்பி வைத்துக்கொண்டு எடுக்கிறான், பின்பக்கத் திரையைப் பார்த்துத்தான். நான் நாற்காலியைத் தள்ளிவைக்கிறேன், திரைச்சீலையைச் சரிசெய்கிறேன், மேசை விளிம்பு சுவருக்கு நேராக இருக்கிறதா என்று சொல்கிறேன். சில சமயம் "நேரா இருக்கு அண்ணா, விடுங்க" என்கிறான். விட்டுவிடுகிறேன்.

இன்று மதியம் எல்லோரும் வந்திருந்தார்கள். பாப்பா மறுபடி நீச்சலுக்குப் போகிறாள். தலை இன்னும் ஈரமாக இருந்தது. என்னிடம் நன்றாகத்தான் பேசினாள், மூச்சை எத்தனை நொடி பிடித்தாள் என்று சொன்னாள். கூடத்து மேசையில் கேமரா இருந்தது. தண்ணீர் குடிக்க அவள் அந்தப் பக்கமாகத்தான் போக வேண்டும். மேசைக்கு நாலடி இருக்கும்போதே இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள், தாண்டிப் போனதும் எடுத்துவிட்டாள். திரும்பி வரும்போது கையில் டம்ளர் இருந்தது, அதனால் சுவரோடு ஒட்டிக்கொண்டு வந்தாள்.