குதிகால் உயர்த்தி நின்றவளுக்கு

இன்று காலை கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன் காலுறையை மாட்டிக்கொண்டிருந்தேன். மருத்துவர் போடச் சொன்ன, முழங்கால்வரை இறுக்கிப் பிடிக்கும் அந்தத் தோல்நிறக் காலுறை லேசில் ஏறாது. பவுடர் டப்பாவைத் தட்டிக் கெண்டைக்காலில் பூசியதும் சந்தன வாசம் எழுந்தது. "பவுடரைப் போட்டு ஏத்து புள்ள, வழுக்கிக்கிட்டுப் போகும்" என்று சொல்லிக் கொடுத்தவள் நீ. காலுறையைப் பாதியில் விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ போய் இரண்டு ஆடி கழிந்துவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேனா, அது உனக்குக் கேட்டதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடியில், பட்டுப்புடவைப் பிரிவில், உன் பக்கத்தில் என்னை நிறுத்தினார்கள். நான் சமயநல்லூருக்கு அந்தப் பக்கத்து ஆள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வெயிலில் குனிந்து கிடந்தவர்கள். எங்கள் குடும்பத்தில் நிழலில் வேலை பார்த்த முதல் ஆள் நான். அதனால், நிற்பதைக் குறையாகச் சொல்ல எனக்கு வாய் வராது. நீ அலைபேசியில் உன் அம்மாவிடம் சௌராஷ்டிர மொழியில் கடகடவென்று பேசிவிட்டு, என் பக்கம் திரும்பியதும் "என்ன பஞ்சு, எம்புட்டு நேரமா ஒத்தக் கால்ல நிக்கிற?" என்பாய். பஞ்சவர்ணம் என்ற என் பேரைப் பாதியாக வெட்டியவள் நீ மட்டும்தான்.

ஒற்றைக் காலில் நிற்பதற்குக் காரணம் இருந்தது. இடது கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு சுருண்டு நீலமாகப் புடைத்திருந்தது. கணுக்கால் தோல் கறுத்து அரித்தது. புடவையைத் தழைத்துக் கட்டி மறைத்துவிடுவேன். ஆனால் உன் கண்ணுக்கு அது தப்பவில்லை. பிளஸ் டூவில் உயிரியல் எடுத்து, நர்சிங் படிக்க விண்ணப்பம்கூட வாங்கி, அந்த வருடமே கல்யாணம் ஆகிப்போனவள் நீ. "டாக்டர்ட்ட காட்டு" என்று வாரம் ஒரு முறை சொல்வாய். நான் கேட்கவில்லை.

ஓர் ஆண்டு ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், ஒரு கல்யாண வீட்டாருக்குப் புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது கால் ஈரமாக இருந்தது. வலியே இல்லை. தண்ணீர்ப் பாட்டில் சாய்ந்துவிட்டது என்று நினைத்தேன். வாங்க வந்த பெண் அலறிய பிறகுதான் குனிந்து பார்த்தேன். அரிப்பில் சொறிந்த இடம் உடைந்து தரையெல்லாம் ரத்தம். சூப்பர்வைசர் அண்ணன் புடவைக் கட்டுக்குப் போடும் நாடாவோடு ஓடி வந்தார்.

"முழங்காலுக்கு மேல இறுக்கிக் கட்டணும்!"

"கட்டாதீங்கண்ணே! கட்டுனா இன்னும் கூடத்தான் வரும்" என்று நாடாவைப் பிடுங்கி எறிந்தாய். என்னைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்தாய். பட்டுப்புடவைப் பெட்டிகளை அடுக்கி அதன் மேல் என் காலைத் தூக்கி வைத்தாய். அவர் "பட்டும்மா, பட்டு!" என்று பதற, கைக்குட்டையை மடித்துக் காயத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாய். "பஞ்சு, என்னையப் பாரு. காலைப் பாக்காத." உன் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றுவிட்டது.

மறுநாள் மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தபோது, எப்படித் தெரியும் என்று கேட்டேன். உன் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்தை மறக்க மாட்டேன். இத்தனை வருடமாக யாரும் கேட்காத பாடம் அல்லவா அது.

"பீச்சி அடிக்கல, வழிஞ்சுச்சு. அப்பவே இது தமனி இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. தமனி இதயத்துல இருந்து ரத்தத்தைக் கொண்டுபோறது. செவுரு தடிமனா இருக்கும், அழுத்தம் ஜாஸ்தி, துடிக்கும். சிரை திரும்பக் கொண்டுவாறது. மெல்லிசு, துடிக்காது. காலைத் தூக்குனா அழுத்தம் கொறஞ்சு அடங்கிரும்."

"ரெண்டுக்கும் நடுவுல?"

என் விரல் நகத்தை அழுத்தினாய். வெளுத்தது. விட்டதும் சிவந்தது. "இந்தா, இதுதான் தந்துகி. முடியைவிட மெல்லிசா கோடிக்கணக்குல இருக்கு. உன் ஒடம்பு மூச்சு விடுறதும் சோறு திங்கிறதும் இதுலதான்."

காலிலிருந்து ரத்தம் மேலே ஏற வேண்டும், ஏறியது திரும்பி இறங்கிவிடாமல் இருக்கச் சிரைக்குள் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு, நின்றே கிடந்தால் அந்தக் கதவுகள் பழுதாகி ரத்தம் கீழே தேங்கி நரம்பு புடைத்துக்கொள்ளும் என்றெல்லாம் சொன்னாய். நாங்கள் நரம்பு என்று சொல்வது நரம்பே இல்லை என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கெட்டுப்போன சிரையை அடைத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது நான் அழுதேன். அடைத்துவிட்டால் அம்புட்டு ரத்தமும் எங்கே போகும்?

"திருவிழாவுக்கு மாசி வீதிய அடைச்சா பஸ்ஸு ஊருக்குள்ள வராமயா போயிருது? சுத்திப் போகும். உள்ள பெரிய சிரை நல்லா இருக்கு. பேசாம படு."

படுத்தேன். சிகிச்சை முடிந்து எழுந்து வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் காபியோடு நின்றாய்.

அதன் பிறகுதான் நம் குதிகால் விளையாட்டு. கெண்டைக்கால் தசை சுருங்கும்போது சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுமாம். "அது காலுக்குள்ள இருக்குற பம்பு. நீ அசையாம நின்னா பம்பு எப்படி அடிக்கும்?" கவுண்டருக்குப் பின்னால் இருவரும் குதிகாலை உயர்த்தி நுனிக்காலில் நிற்போம், இறங்குவோம். கையில் முகூர்த்தப் புடவை, வாயில் ஜரிகை விவரம், கீழே கால்கள் மட்டும் ஏறி இறங்கும். ஒரு முறை மாப்பிள்ளையின் அம்மா, "இந்தப் பொண்ணு என்ன, ஒசரமாயி ஒசரமாயிக் குட்டையாகுது?" என்று கேட்க, நீ சிரிப்பை அடக்க முடியாமல் கவுண்டருக்கு அடியில் உட்கார்ந்துவிட்டாய்.

நின்று வேலை செய்பவர்களுக்குக் கடைக்காரர் இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தது. நமக்கும் ஸ்டூல் வந்தது. ஆனால், "கஸ்டமர் வாரப்ப உக்காராதீங்கம்மா, பாக்க நல்லா இருக்காது" என்றார் சூப்பர்வைசர் அண்ணன். கஸ்டமர் வராத நேரம் ஏது? ஸ்டூலில் பெட்டி அடுக்கினோம். ஒரு மத்தியானம் நீ பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு அதில் உட்கார்ந்தாய். உட்கார்ந்தபடியே மாம்பழ நிறத்தில் ஒரு புடவையைக் காட்டி விற்கவும் செய்தாய். மறுவாரம் உன்னைக் கீழே குடோனுக்கு மாற்றினார்கள். அத்தனை பேர் முன்னால் சூப்பர்வைசர் அண்ணன் அதைச் சொன்னபோது நீ என்னைப் பார்த்தாய். நான் புடவையை மடித்துக்கொண்டிருந்தேன். அதை ஏற்கெனவே மடித்தாகிவிட்டது. பிரித்துத் திரும்பவும் மடித்தேன்.

"விடு புள்ள. கீழ துணிப் பேல் மேல உக்காந்துக்கிருவேன்" என்று நீதான் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாய். உனக்குத் தெரியாத ஒரு செய்தி. உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுநாள் நானும் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்து இன்னும் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். சூப்பர்வைசர் அண்ணன் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். ஐந்து பேரைக் குடோனுக்கு அனுப்ப முடியாதே. இதை அன்றே நான் செய்திருக்கலாம்.

குடோனுக்குப் போனதிலிருந்து தலைவலி என்று சொல்லத் தொடங்கினாய். பின்மண்டையில் பாரமாக இருக்கிறது என்பாய். தைலம் வாங்கிக் கொடுத்தேன், தேய்த்தும் விட்டேன். என் காலைப் பார்த்ததும் என்னை மருத்துவரிடம் துரத்தியவளை, நான் ஒரு தடவைகூடக் கையைப் பிடித்து இழுத்துப்போகவில்லை. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று இருந்துவிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை முற்பகலில் நீ குடோனில் விழுந்தாய். ஆம்புலன்ஸில் உன்னோடு நான்தான் வந்தேன். மூளையில் தமனி ஒன்று வெடித்திருக்கிறது என்றார் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் மருத்துவர். "ரொம்ப நாளா பிரஷர் இருந்திருக்கு. ஒரு தடவைகூடப் பாக்கலையா?" என்று கேட்டார். உன் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நானும்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். குழாய்களுக்கு நடுவில் நீ தூங்குவது போலக் கிடந்தாய். உன் மணிக்கட்டைப் பிடித்தேன். நர்ஸ் பக்கத்தில் வந்து என் விரல்களை மாற்றி வைத்தாள். "கட்டைவிரல வைக்காதீங்கக்கா. அதுல உங்க நாடியே துடிக்கும். அவங்களுதுன்னு நினைச்சுக்குவீங்க. இந்த மூணு விரலையும் வைங்க." வைத்தேன். மெல்ல, ஆனால் ஒழுங்காக, நீ துடித்துக்கொண்டிருந்தாய். குனிந்து உன் காதில் சொன்னேன்: "அன்னைக்கு நான் வாயத் தெறந்திருக்கணும். மன்னிச்சிரு புள்ள." துடிப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் செய்தி வந்தது. உன் வீட்டுக் கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் உன் அம்மா உங்கள் மொழியில் எதையோ சொல்லிச் சொல்லி அழுதார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் என்ன சொல்கிறார் என்று தெரிந்தது. நான் உன் கையை எடுத்து மூன்று விரல்களை வைத்தேன். ஒன்றும் இல்லை. வெகுநேரம் வைத்திருந்தேன். ஒன்றுமே இல்லை. பிறகு, அந்த நர்ஸ் சொன்னது நன்றாக நினைவில் இருக்கும்போதே, கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

துடித்தது.

"என்னம்மா பாக்குற?" என்றார் உன் அம்மா, அழுகையை நிறுத்திவிட்டு.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். பெண்கள் வந்து என் தோளைத் தொட்டு எழுப்பும்வரை விரலை எடுக்கவில்லை. அது என் நாடிதான். நீ பாடம் எடுத்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாய். ஆனாலும், அது என்னுடையது மட்டும்தான் என்று இன்றுவரை என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை, புள்ள.