ஸ்டெல்லாவின் கல்யாணக் காரும் என் டைமிங்கும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் ஆண்டவரிடம் போன நாளிலிருந்து ஒரு பொய் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நம் மெக்கானிக் பட்டறையில் என்ஜினுக்கு நெருப்பு விழும் டைமிங் பார்த்தது நான்தான் என்று. நீங்கள் என்ஜினுக்குக் காது கொடுத்து டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பும்போது நான் பக்கத்தில் நின்று டீ குடித்ததை யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் அங்கே சொல்லியிருக்க மாட்டீர்கள்தானே?

போன வாரம் உங்கள் மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் முடிந்தது. பையன் கம்பைநல்லூர். தங்கமானவன், கொஞ்சம் குள்ளம். பெண் காரில்தான் கோயிலுக்குப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பீர்களே, அதை என் தங்கச்சி மேரி விடவே இல்லை. பையனின் பெங்களூர்ச் சித்தப்பா தன் காரையே கொண்டுவந்தார். பழைய ஃபாரின் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு. நம் வீட்டு ஆடு அதைக் குனிந்துதான் பார்த்தது.

பூசைக்கு அரை மணி நேரம் இருக்கும்போது அது உதறி, டமாரென்று வெடித்து, வாசலிலேயே நின்றுவிட்டது. உள்ளே சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது.

"டிராக்டர் இருக்குதுங்களே, டிரெய்லரக் கழுவி வுட்டாப் போதும்," என்றார் பையனின் அத்தை. மேரி என் கையைப் பிடித்து இழுத்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டைமிங் பார்த்தவன் நான்தானே.

பானெட்டைத் திறந்து, உங்களைப் போலவே தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் காது கொடுத்தேன்.

"மாமா, என்ஜினே ஓடலீங்க," என்றாள் ஸ்டெல்லா.

"தெரியுது கண்ணு. அதான் கேக்கறேன்."

"இதுல கம்ப்யூட்டர் இருக்குதுங்க," என்றார் சித்தப்பா. "என்ன நோவுன்னு வெளக்க மினுக்கிச் சொல்லும்."

"வாய் பேசாதுங்களா?"

ஸ்டெல்லா பட்டுப்புடவையோடு காரின் இங்கிலீஷ் புத்தகத்தைப் புரட்டினாள். அதில் போட்டிருந்தபடி கொண்டையிலிருந்து ஊசியை உருவி, என்ஜின் பக்கத்தில் இருந்த இரண்டு ஓட்டைகளைச் சேர்த்துச் செருகினாள். சித்தப்பா சாவியைப் போட்டார். விளக்கு மினுக்கியது. நான் ஏழு எண்ணினேன், சித்தப்பா ஐந்து.

"ஆறுங்க," என்றாள் அவள். "ஆறுன்னா டிஸ்ட்ரிபியூட்டர்ல இருந்து சேதி வரலையாம். நெருப்ப எப்ப வுடறதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியலையாம்."

கையை உள்ளே விட்டேன். நூல் தட்டுப்பட்டது. முன்பக்கம் ரோஜா மாலை கட்ட இடம் இல்லாமல், காலையில் ஒரு புண்ணியவான் பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஒயரில் நூலைக் கட்டியிருந்தான். மாலை இழுத்ததில் ஒயரின் பிளக் பாதி கழன்றிருந்தது. மாலை கட்டுவது தாய்மாமன் பொறுப்பு. தாய்மாமன் நான்தான்.

"பெரிய கோளாறுங்க. பெங்களூர்லயே எவனோ கை வெச்சிருக்கான்," என்றேன்.

ஸ்டெல்லா நூலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நூலை அறுத்து உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "டைமிங்குன்னா எங்க மாமாதான்," என்றாள். உதட்டைக் கடித்து அடக்கினாளே ஒரு சிரிப்பு, அது அப்படியே உங்கள் சிரிப்பு.

நான் பிளக்கை அழுத்தினேன். முதல் சாவிக்கே என்ஜின் பிடித்தது. மேரி அழுதாள், அத்தை டிராக்டர் பேச்சை விட்டார். அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டதா? எனக்கும் கேட்டது. சரியான சத்தமா என்று சொல்லத்தான் தெரியவில்லை.

டைமிங் பார்த்தது நீங்கள்தான் என்று இனிமேல் கேட்பவரிடமெல்லாம் சொல்கிறேன், சத்தியம். கேட்காதவரிடம் சொல்ல மட்டும் கொஞ்ச நாள் கொடுங்கள்.

மற்றபடி ஒரு குறையும் இல்லை. அவசரத்தில் பானெட்டை மூடியபோது என் கிரீஸ் துண்டு அதில் மாட்டிக்கொண்டு கோயில்வரை பறந்தது. வாசலில் பங்குச் சாமியார் காரை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். துண்டுக்கும் தனியாகத் தெளித்தார்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
அந்தோணி