கூடாரத்துக்கு ஒரு கையெழுத்து

நமுனுகுல
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் தர்ஷனுக்கு,

எல்லாரும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒருவரிடம், இடையில் போதும் என்று யார் சொல்ல முடியும் என்று போனில் கேட்டாய். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் படித்தும் எனக்கு விடை தெரியவில்லை. இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் மழைக்கு மழை வலிக்கிறது. மெல்பனில் உன் உடம்பும் வேலையும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம். என்னிடம் படித்த தயானி வெள்ளிக்கிழமை அங்கே வருகிறாள், தேயிலைத்தூளும் இந்தக் கடிதமும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

நீ கேட்டது நாட்டைப் பற்றி. எனக்குக் கிட்டத்தில் இருக்கும் உதாரணம் நம் தோட்டத்து மரணாதாரச் சங்கம்தான். சாவு வீட்டுக்குக் கூடாரம், நாற்காலி, குழி வெட்ட ஆள் எல்லாம் அவர்கள்தான் தருகிறார்கள். பிரதேச செயலகத்தில் பதிய, சங்க விதிகளைச் சொல்லும் யாப்பு வேண்டும் என்று என்னை எழுதச் சொன்னார்கள். ஏழு பேர் குழு முடிவெடுக்கும் என்று எழுதினேன். தலைவர் கிருஷ்ணராஜ் வாசித்துவிட்டு, நாட்டுக்கே ஒருத்தர் கையெழுத்துதாங்க டீச்சர், நமக்கு எதுக்கு ஏழு என்றார். கூட்டம் கை தட்டியது. அதன்படி தலைவரை உறுப்பினர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பார்கள், அவர் கையெழுத்தில்லாமல் ஒரு நாற்காலியும் வெளியே போகாது, உறுப்பினரை நீக்கும் அதிகாரமும் அவருக்கே. அவரை நீக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்பதை மட்டும் நான் விடாமல் சேர்த்தேன். அவர் மறுக்கவில்லை. அடுத்த மாதமே உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பதவி கொடுத்துவிட்டார். கூடாரப் பொறுப்பாளர், நாற்காலிப் பொறுப்பாளர், அவருக்கொரு உதவியாளர், தேநீர்க் கேத்தலுக்கு லிங்கம். கேத்தல் ஒன்றுதான், அதற்கும் ஓர் உதவிப் பொறுப்பாளர் உண்டு. உனக்கு வெளிவிவகாரம் தர யோசனை இருப்பதாகக் கேள்வி.

மேட்டு லயத்து நல்லையா மாமாவை உனக்கு நினைவிருக்கும். கிருஷ்ணராஜ் தன் மகளின் பூப்புச் சடங்குக்குச் சங்கத்துக் கூடாரத்தைக் கட்டினார். நல்லையா மாமா கூட்டத்தில் எழுந்து, சாவுக் கூடாரத்துல புள்ளைய ஒக்கார வச்சிட்டியே, நாளைக்கி என்னைய அதுல படுக்க வைக்கையில தாய்மாமன் சீர் வருமாப்பா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த வாரமே அவரை நீக்கியாயிற்று. இப்போது பதுளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், இனி நாள் கணக்குத்தான் என்கிறார்கள். அவர் மனைவி இராக்கம்மா நேற்று என்னிடம் வந்து, அவரு போய்ட்டா குழி வெட்ட ஆளு வருவாங்களா டீச்சர், யாப்புல என்னா போட்டிருக்கு என்று கேட்டார். வரமாட்டார்கள் என்றுதான் போட்டிருக்கிறது. கிருஷ்ணராஜிடம் பேசினேன். மனசு வச்சா ஆச்சுங்க, ஆனா அதிகாரம்னு ஒண்ணு இருக்கில்ல என்றார். அந்த வீட்டில் குழி வெட்டும் வயதில் யாரும் இல்லை.

இரவு வேலை முடிந்து சாப்பிடாமல் படுக்காதே. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மறக்காதே. அப்பா உன் பெயருக்கு அர்ச்சனை செய்தார். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, இருந்தாலும் பலன் உனக்குச் சேரட்டும். நன்றாக இரு.

அன்புடன்,
அம்மா

புதன்கிழமை

உறையை இன்னும் ஒட்டவில்லை. இன்று விடியும்போது நல்லையா மாமா இறந்துவிட்டார், காலையிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கிருஷ்ணராஜ் பண்டாரவளையில் ஒரு கலியாண வீட்டில் இருந்தார். நான் வர்ற வரைக்கும் சங்கத்து சாமான் எதையும் எடுக்காதீங்க என்று போனில் சொன்னார். பதவிகள் கொடுத்த நாளிலிருந்து தோட்டத்தில் ஒரு சாவும் விழவில்லை, யாருக்கும் வேலை வாய்க்கவில்லை. முதலில் லிங்கம் கேத்தலோடு வந்து, நீக்கினது நல்லையாவத்தானே, சாவ இல்லியே என்றார். கேத்தல் போனதைக் கண்டு நாற்காலிப் பொறுப்பாளர் நாற்காலிகளை இறக்கினார், அதைக் கண்டு கூடாரம் வந்தது. குழிக்குப் பொறுப்பாளர்கள் மூன்று பேர், மூவரும் மண்வெட்டியோடு வந்து முறை வைத்து வெட்டினார்கள். குழியை மூடிக் கை கழுவும் நேரத்தில் கிருஷ்ணராஜ் வந்தார். கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு, வழங்க அனுமதிக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டு என்னிடம் தந்தார். நீக்கிய உத்தரவை யாரும் ரத்துச் செய்யவில்லை. இராக்கம்மா கிருஷ்ணராஜுக்கும் ஒரு கோப்பை பிளேன்டி கொடுக்கச் சொன்னார். லிங்கம் ஊற்றினார்.