ஹஸ்னா கீழே வைத்த கோப்பை

அன்பு மகன் நவாஃபுக்கு, உன் உம்மா வத்ஹா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எங்களுக்கு மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே பிரேசிலில் உனக்கும் குறைவில்லாமல் ஓட துஆ செய்கிறேன். எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பொய்யிலே ஆரம்பிக்க வேண்டாமென்று விட்டுவிட்டேன். இது போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. போனில் உன் குரலைக் கேட்டால் நான் அழுவேன், நான் அழுதால் நீ அழுவாய், பிறகு சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்டு வைத்துவிடுவோம், மூன்று வருஷமாக அப்படித்தானே முடிகிறது. உன் கடை முதலாளியின் தங்கை ஊருக்கு வந்துவிட்டு சாவ் பாலோ திரும்புகிறாள் என்று கேள்விப்பட்டு அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். கடையில் நின்றுகொண்டு படிக்காதே, அறைக்குப் போய் உட்கார்ந்து படி.

முதலில் வீட்டு சமாசாரம். மஃப்ரக்கில் அதே இரண்டு அறைதான், புழுதிக்காற்று அடித்தால் ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டுகிறோம். உன் வாப்பாவுக்குச் சர்க்கரை காலில் இறங்கி வலது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள், உன்னிடம் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கினார், நானும் செய்து கொடுத்தேன், இதோ முறித்துவிட்டேன். அண்ணன் மிஷ்அலுக்கு இந்தப் பக்கம் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கவில்லை, நம் ஊர் கரக்கில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் இப்போது எல்லைக்கும் அம்மானுக்கும் தக்காளி லாரி ஓட்டுகிறான். ஜவாஹிருக்குப் பேசியிருந்த இடம் முறிந்துபோயிற்று. மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகத்தான் சொன்னார்கள், உங்கள் வீடு இன்னும் கொலைப்பழி தீராத தவணையில் இருக்கிறது, அது முடியட்டும் பார்க்கலாம் என்று. ரஜப் மாதத்தில் அந்தப் பையன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். சேதி வந்த அன்று உன் தங்கை வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தாள், ஐந்து பேர் சாப்பிடும் வீட்டுக்கு ஒரு கூடை வெங்காயம். நான் கத்தியைப் பிடுங்கி வைத்தேன்.

உனக்கு நினைவிருக்கும், ஐந்தாம் தாத்தா வரை பெயர் சொல்லத் தெரியாதவன் அரபியா என்று உன் வாப்பா உங்களை வரிசையாக நிற்கவைத்து ஒப்பிக்கச் சொல்வார். நீ மூன்றாவது பெயரில் தடுக்கி விழுவாய், மிஷ்அல் எடுத்துக் கொடுப்பான். பெருமைக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்தக் கல்யாணத்தில் உன் சிநேகிதன் ராகானைச் சுட்டுவிட்டு நீ ஓடிய மறுநாள் அவர்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதே பெயர்களைத்தான் விரல் விட்டு எண்ணினார்கள். இந்தத் தாத்தாவின் பிள்ளைகள் யார், அந்தத் தாத்தாவின் பேரன்மார் யார் என்று எண்ணி எண்ணி, நம்மோடு சேர்த்துப் பத்து வீடு ஊரைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். கொன்றவனின் தகப்பன் வீட்டோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று இந்தக் காலத்தில் அதிகாரிகளும் சொல்கிறார்கள், ஷேக்மாரும் சொல்கிறார்கள், அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத வீடுகள் அதெல்லாம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். அடுப்பில் வைத்த சோற்றைக்கூட இறக்காமல் கிளம்பினோம், அதெல்லாம் நீ பார்க்கவில்லை.

இந்தக் குளிர் தொடங்கியபோது சாச்சா கலஃப் மவுத்தாகிவிட்டார். உனக்குப் போனில் சொன்னோம், எப்படி அடக்கினோம் என்று சொல்லவில்லை. நான்காம் தாத்தா வழியில் நமக்கு உறவு, காது கேட்காத மனுஷன், கல்யாண வீட்டில் துப்பாக்கி வெடித்ததே அவருக்குக் கேட்டிருக்காது. ஊரில் தன் தகப்பனார் பக்கத்தில் படுக்க வேண்டும் என்பதுதான் கடைசி ஆசை. மையித்தை மட்டுமாவது ஊர் எல்லைக்குள் விடுங்கள் என்று ஆள் போய்க் கேட்டது, முடியாது என்று பதில் வந்தது. இங்கே நகராட்சி மையவாடியில், பெயர் தெரியாத யாரோ ஒரு லாரிக்காரனுக்குப் பக்கத்தில் வைத்தோம். அவர் மகன்கள் மூன்று பேரும் என்னைத் தாண்டித்தான் வெளியே போனார்கள், ஸலாம் சொல்லவில்லை. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், ஆண்கள் போய்க் கேட்டதெல்லாம் போதும், ராகானின் உம்மா ஹஸ்னாவிடம் நானே போகிறேன் என்று.

யாரிடமும் சொல்லவில்லை. மூட்டுவலிக்கு அம்மான் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு மூன்று பஸ் மாறி ஊருக்குப் போனேன். பயம் இல்லை. நம்மில் பழி ஆண் மேல்தான், பெண் மேல் கை வைத்தவனுக்கு ஊரில் யாரும் ஒரு வாய் தண்ணீர் தர மாட்டார்கள். காலை பத்து மணி இருக்கும், ஹஸ்னா வாசலில் ஆலிவ் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலைமுடி முழுக்க வெளுத்துவிட்டது அவளுக்கு. என்னைப் பார்த்தாள், முறத்தைக் கீழே வைத்தாள், வா என்றும் சொல்லவில்லை போ என்றும் சொல்லவில்லை, உள்ளே போய்க் கதவைத் திறந்தபடி விட்டாள். நானும் பின்னாலேயே போனேன். நீயும் ராகானும் சின்ன வயதில் கூத்தடித்த அதே அறைதான், சுவரில் இப்போது அவன் படம். எதிரியானாலும் வீட்டுக்குள் வந்துவிட்டால் விருந்தாளி, அவள் அந்த முறையை விடவில்லை. கசப்புக் காப்பி காய்ச்சி ஊற்றி என் கையில் தந்தாள். நான் குடிக்காமல் தரையில் வைத்தேன்.

அது எதற்கென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, பெண் கேட்கப் போகும்போதும் சமாதானம் பேசப் போகும்போதும் உன் வாப்பா வைத்துப் பார்த்திருக்கிறாய். கேட்க வந்தவன் கோப்பையைக் கீழே வைப்பான், வீட்டுக்காரன் குடி என்று சொல்லிவிட்டால் கேட்டது கிடைத்தது என்று அர்த்தம், பிறகு மலையே புரண்டாலும் பேச்சு மாறக் கூடாது. ஹஸ்னா கோப்பையைப் பார்த்துவிட்டு, ஆம்பிளைங்க செய்யறதை எல்லாம் எப்பக் கத்துக்கிட்ட என்று கேட்டாள். ஆம்பிளைங்க செஞ்சு ஒண்ணும் ஆகலையே என்றேன். காப்பி ஆறிப்போயிற்று. பிறகு சொல்லு என்றாள். எங்களைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை, நாங்கள் எத்தனை வருஷமானாலும் வெளியே இருக்கிறோம், மற்ற ஒன்பது வீட்டையும் திரும்ப விடுங்கள், உங்கள் பிள்ளை பெயரைச் சொல்லி அவர்கள் பிள்ளைகள் உங்களைச் சபித்துக்கொண்டு வளர வேண்டாம் என்றேன். அவள் வெகுநேரம் ராகானின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாப்பா மூன்று வருஷமாக வீட்டில் யாரோடும் பேசுவதில்லையாம், ஆனாலும் தான் சொன்னால் தலையாட்டுவார் என்றாள். பிறகு, குடி வத்ஹா என்றாள். குடித்தேன். அவசரத்தில் பாதி உடுப்பில் சிந்திவிட்டது.

அந்த இடத்தில் எழுந்து வந்திருக்க வேண்டும். நான் எழுவதற்குள் அவள் தனக்கு ஒரு கோப்பை ஊற்றினாள், அதை என் முன்னால் தரையில் வைத்தாள். தன் வீட்டில், தன் தரையில், கேட்க வந்தவளிடமே கேட்கிறாள். என்ன வேண்டும் என்று நான் முதலில் கேட்டிருக்க வேண்டும், புத்தி உள்ளவள் கேட்டிருப்பாள். எனக்கு அப்போது நெஞ்சு நிறைந்துபோயிருந்தது, ஒன்பது வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போவது கண்ணில் தெரிந்தது, கேட்பதற்கு முன்னாலேயே கொடுப்பதுதான் நம் வளர்ப்பு என்று ஒரு மிதப்பு வேறு. குடி ஹஸ்னா, உனக்கில்லாதது என்ன இருக்கு என்றேன். அவள் ஒரே மடக்கில் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"உன் மகன் வரணும். என் முன்னால உக்காந்து, வேணும்னு சுட்டானா, கைதவறிச் சுட்டானான்னு அவன் வாயால சொல்லணும். மூணு வருஷமா என் பிள்ளை தினம் ரெண்டு தடவை சாகுறான் வத்ஹா. ஒரு தடவை தவறிப் பட்ட குண்டுல, ஒரு தடவை குறிவச்ச குண்டுல. ஒரு தடவை செத்தாப் போதும் எனக்கு."

நான் பேச்சை மாற்றிப் பார்த்தேன், வேறு ஏதாவது கேள், என் உயிரைக் கேள் என்றேன். அவள் காலிக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினாள், அவ்வளவுதான். எட்டே நாளில் அவள் புருஷன், நடுவராக நிற்கும் ஷேக் அவாதின் கூடத்தில் பெரியவர்கள் முன்னால், குறித்த தவணைக்குள் நீ வருவாய் என்ற பேச்சின் மேல் கையெழுத்துப் போட்டார். ஒன்பது வீடும் திரும்பிப் போய்விட்டது நவாஃப். சாச்சா கலஃபின் பிள்ளைகள் போகும்போது வந்து என் தலையில் முத்தமிட்டுவிட்டுப் போனார்கள், தகப்பனை இங்கேயே விட்டுப் போகிறவர்களின் முத்தம், சந்தோஷப்பட முடியவில்லை. ஹஸ்னா தன் சொல்லை நிறைவேற்றிவிட்டாள், என் சொல் நடுத்தெருவில் நிற்கிறது.

விஷயம் தெரிந்ததும் உன் வாப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். என்னைக் கேட்காமல் என் மகனைத் தூக்கிக் கொடுக்க நீ யாருடி என்றார், அவன் எங்கேயாவது உயிரோட இருக்கட்டும், நாம நாசமாப் போனது போனதுதான் என்றார். அவர் துப்பாக்கிதானே அது, மாப்பிள்ளை ஊர்வலத்தில் நாலு குண்டு வானத்தில் சுடு, மரியாதைக்கு என்று உன் கையில் கொடுத்தவர் அவர்தானே, அந்தக் குற்றம் அவரை அரிக்கிறது. சபையில் உட்கார்ந்தால் நம் முதல் பாட்டன் ஸுவைலிமின் கதையை எத்தனை தடவை சொல்வார், ஹிஜாஸில் ஒருவனைக் கொன்றுவிட்டு ஏழு வருஷம் பாலைவனத்தில் திரிந்தவர், கடைசியில் தானாகவே போய்ச் செத்தவனின் தகப்பன் கூடாரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நான்தான் என்று சொன்னார் என்று. அந்தக் கதையைக் கேட்டுக் கண்கலங்காத ஆண் கிடையாது. நான் கேட்டேன், பாட்டன் போனா பெருமை, பேரன் போனா மட்டும் கேவலமா என்று. அவர் கைத்தடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இப்போது உனக்கும் எனக்கும் இடையில் உள்ளதைச் சொல்கிறேன். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் கரக் சந்தையில் ராகான் உன்னை நம் பையன்கள் நாலு பேர் முன்னால் அறைந்தான். நீ கன்னம் சிவந்து வந்தாய், கார் கதவில் இடித்துக்கொண்டேன் என்றாய், ஐந்து விரலும் தெரிந்தது எனக்கு, யார் கை என்று அவர்களில் ஒருவன் பிறகு சொன்னான். போலீஸ் கேட்டபோது பிள்ளைகள் இருவரும் அண்ணன் தம்பி மாதிரி என்றேன். நான் அவள் வீட்டுக்குப் போன அன்றைக்கு ஹஸ்னாவும் கேட்டாள், ரெண்டு பேருக்கும் ஏதாவது தகராறு உண்டா என்று. இல்லை என்றேன், அவள் தந்த காப்பி என் வாயில் இருக்கும்போதே பொய் சொன்னேன். ஊரெல்லாம் விபத்து விபத்து என்று நானே சத்தியம் செய்து திரிகிறேன், ஆனால் பெற்றவள் எனக்கே தெரியவில்லை. கைதவறியவன் கீழே விழுந்தவனைத் தூக்கத்தானே ஓடுவான்? நீ ஏன் செருப்பைக்கூட விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடினாய்? தொழுகைப் பாயில் உட்கார்ந்தால் இந்தக் கேள்விதான் வருகிறது, ஓத வேண்டியது மறந்துபோகிறது. எனக்குப் பதில் எழுதாதே. எழுதினால் நான் அதை ஹஸ்னாவுக்கு முன்னால் தெரிந்துகொண்டவள் ஆவேன், அது அவளுக்குச் செய்யும் இன்னொரு துரோகம்.

ஷேக் அவாத் தன் முகத்தைப் பிணை வைத்திருக்கிறார். விமான நிலையத்திலிருந்து அவரே உன்னைக் கூட்டிக்கொண்டு நேரே போலீசிடம் ஒப்படைப்பார், அதுவரை உன் மேல் ஒரு தூசி படாது, அவர் முகத்தில் கரி பூச யாருக்கும் துணிச்சல் கிடையாது. ஹஸ்னா அங்கேயே ஓர் அறையில் உன்னைப் பார்க்க ஏற்பாடு ஆகியிருக்கிறது. அவள் மன்னிப்பாளா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. அவள் மன்னித்தாலும் சட்டம் விடாது, கைதவறி என்றால் சில வருஷம், வேண்டுமென்று என்றால் உன் தாடி வெளுத்துப்போகும் வரை உள்ளேதான், அதற்கு மேலும் இருக்கலாம், எழுதக் கை வரவில்லை. கெஞ்சிக் கூப்பிட எனக்கு வாய் இல்லை, வராதே என்று சொல்லவும் வாய் இல்லை. நீ வராவிட்டால் ஒன்பது வீடும் மறுபடி மூட்டை கட்டும், இந்தத் தடவை என்னால்.

அல்லாஹ் உன் காலுக்கு வழியைக் காட்டட்டும், உன் நாக்கில் உண்மையைத் தவிர வேறொன்றையும் வைக்காமல் இருக்கட்டும். என் ஆயுசில் மிச்சமிருப்பதை எடுத்து உனக்குக் கூட்டட்டும். ஷவ்வால் பத்தாம் தேதியோடு தவணை முடிகிறது, நோன்புப் பெருநாளை அங்கே முடித்துக்கொள், அதற்குப் பிறகு தாமதிக்காதே. இங்கே குளிர் இன்னும் போகவில்லை, கம்பளிச் சட்டையைக் கைப்பையில் வை. அந்த அறைக்குள் உன்னைக் கொண்டுவரும்போது என்னைத் தேடாதே மகனே, உன் பக்கத்தில் நான் இருக்க மாட்டேன். நான் ஹஸ்னாவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. நீ சொல்லப்போவதை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் கேட்போம்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற உம்மா,
வத்ஹா
மஃப்ரக், ஷஃபான் பிறை பதினேழு