உன் மரம், என் கொடி

இன்று சாயங்காலம் வாசலில் காய்ந்த மிளகை அள்ளிக்கொண்டிருந்தேன். வீடெல்லாம் அந்த வாசனை. மகள் ஆங்கிலப் பாடத்தோடு வந்து உட்கார்ந்து, "ஏம்மா, மைக்கும் மைனுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டாள். உடனே உன் முகம்தான் வந்து நிற்க வேண்டுமா?

அருவி பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டிச் சம்பாதிக்கலாம் என்று சிநேகிதிகள் நாம் இருவரும் செம்மேட்டுக்கு இங்கிலீஷ் வகுப்புக்குப் போன காலம். அந்தப் பாடம் மட்டும் என் மண்டையில் ஏறவே இல்லை. உன் தோட்டக்காட்டில் நின்று நீதான் விளக்கினாய்.

"மை வந்தா பொறத்தால ஒரு சாமான் வரோணும் புள்ள. மை ட்ரீ. மைனுன்னா ஒத்தையிலயே நின்னுக்கும்."

சில்வர் ஓக் மரத்தைத் தட்டி, "திஸ் ட்ரீ இஸ் மைன்" என்றாய். அதில் ஏறியிருந்த மிளகுக் கொடியைத் தொட்டு, "திஸ் பெப்பர் இஸ் யுவர்ஸ்" என்றாய். எனக்குக் காடு இல்லை. உன் மரங்களில் நான் கொடி ஏற்றினேன், தண்ணீர் சுமந்தேன். பறித்ததை என் வாசலில் உனக்கொன்று, எனக்கொன்று என்று இரண்டு குவியலாகப் பிரித்துக்கொள்வோம். எல்லாம் வாய்ப்பேச்சுதான். உன்னிடம் அதற்குமேல் எதைக் கேட்பேன்?

நான் நம் மலையிலேயே குண்டூர் நாட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து மரங்களை வெட்டி விற்றுவிட்டாய். திரும்பி வந்தபோது லாரி போய்விட்டிருந்தது. காய் பிடித்த கொடிகள் தரையில் வாடிக் கிடந்தன. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பச்சையாகவாவது பறித்திருப்பேன்.

"என்ற மரத்தத்தான வித்தேன் புள்ள" என்றாய். கொடியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அதன்பின் நான் உன்னோடு பேசவில்லை. போன ஆடியில் நீ போய்விட்டாய். உன் சாவுக்கு வந்து நின்றபோது அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. பதில் சொல்லாமலே தப்பித்துக்கொண்டாயே.

நான் திரும்பி வந்த அன்று தரையில் கிடந்த கொடிகளில் உயிர் இருந்த ஒரு துண்டை எடுத்துவந்து என் வாசல் பலாவில் ஏற்றினேன். இப்போது காய்ந்திருப்பது அதன் மிளகு.

மகளுக்கு நீ சொன்னதையே சொன்னேன், உன் பேச்சிலேயே. சட்டென்று புரிந்துகொண்டாள்.

"உங்களுக்கு ஆரும்மா சொல்லிக் குடுத்தாங்க?"

உன் பெயரைச் சொல்ல மனம் வரவில்லை. குனிந்து மிளகைக் கூட்டினேன். அவள் எழுந்து போனபிறகுதான் பார்த்தேன், வாசலில் இரண்டு குவியல் இருந்தது.