கூரை பார்க்கும் பயணம்

மன்னாரில் இருக்கும் உங்களுக்கு,

என் கணவரின் வருஷப் பூசை ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. ஒரு வருடமாக உடுத்திய கறுப்பை அன்றே கழற்றிவிட்டேன். நல்ல மனிதர். அவரை நான் மறந்துவிட்டதாக நீங்கள் நினைக்கக் கூடாது.

அவர் இறந்த அன்று போன் எடுத்து, "நீர் அழும், நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்" என்றீர்கள். அதற்கு இன்னும் நன்றி சொல்லவில்லை.

அடுத்த கிழமை அங்கே வருகிறேன். அம்மா இருந்த வீட்டுக் கூரை ஒழுகுகிறதாம், அதைப் பார்க்கத்தான். பக்கத்து வீட்டில் நீங்கள் இன்னும் தனியாக இருப்பது காரணமில்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வரவேண்டாம், சனம் கதைக்கும். வந்தால் கோபிக்க மாட்டேன்.

இங்கே மொன்ட்ரியாலில் முதல் பனி விழுந்துவிட்டது. ஒரு மாதத்தில் திரும்பிவிடுவேன் என்றுதான் மகளிடம் சொல்லியிருந்தேன். நேற்று அவள் அலுமாரியைத் திறந்து, "அம்மா, உங்கட விண்டர் ஜக்கெட் எங்க?" என்று கேட்டாள்.

"கீழ்வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்திட்டன்."

"அப்ப டிசம்பர்ல நத்தாருக்குத் திரும்பி வரேக்க என்னத்தைப் போடுவியள்?"

நான் பயணப் பெட்டியை மூடுவதுபோல் குனிந்துகொண்டேன். அவள் அலுமாரியை மூடினாள். பிறகு என் பனிச் சப்பாத்துகளை எடுத்து ஒரு பையில் போட்டுக் கையில் தந்தாள்.

"இதையும் அந்தப் பிள்ளைக்குக் குடுங்கோ அம்மா."

இப்படிக்கு,
கூரை பார்க்க வருகிறவள்