இழுப்பு இல்லாத குரல்

ஜூன் 4

வேலைக்குப் போய் வந்தேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபது வருஷம். அந்த மெஷின் என் வலது காதைத் தின்றுவிட்டது. இடது காதும் அரைகுறைதான். என் வீட்டுக்காரர் செத்துப்போய் இன்றோடு எழுபது நாள். அவர் பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் பதினொன்று போனில் இருக்கிறது. காதோடு ஒட்டி வைத்தாலும் கொசு பேசுகிற மாதிரிதான் கேட்கிறது. மகன் சொன்னான், "சவுண்ட்பார் வாங்கலாம்மா. டிவிக்குக் கீழ மாட்டிட்டா அப்பா பேசுறது கணீர்னு கேக்கும்." சரி என்றேன்.

ஜூன் 7

கொழுந்தன் வந்திருந்தார். சவுண்ட்பார் என்றதும் முகத்தில் அப்படி ஒரு களை. வைஃபை வேண்டுமாம். பாட்டுக்குத் தக்கபடி விளக்கு எரிய வேண்டுமாம். "அண்ணி, பின்னாடியிருந்தும் சத்தம் வரணும். அப்பத்தான் கெத்து."

"பின்னாடி சுவர்தானே தம்பி இருக்கு?"

அவரும் மகனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செத்தவர் படத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்து. சீ.

ஜூன் 8

இன்றும் அதே பேச்சு. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஜூன் 10

மகனோடு கடைக்குப் போனேன். உள்ளே கார் வெடிக்கிற படம். "தரை அதிரும் பாருங்கம்மா" என்றார் கடைக்காரர், பெருமை தாங்காமல்.

"தரை அதிர வேணாங்க. ஒரு ஆள் பேசுறது கேட்டாப் போதும்."

இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று மினுக்கு விளக்கெல்லாம் போட்டது, ரிமோட்டில் பித்தானே முப்பது இருக்கும். இன்னொன்று வெறும் கறுப்புக் கட்டை. "இதுல வசதி ஒண்ணும் கிடையாதும்மா. சத்தம் மட்டும்தான் நல்லாருக்கும்."

"சத்தத்துக்குத்தானேங்க வாங்குறது?"

மகன் முறைத்தான். ஆனாலும் கறுப்பில் போனை இணைத்தான்.

"வர்றப்ப... எனக்கு ஒரு... பல் பிரஷ் வாங்கிட்டு வா... அவசரமில்ல."

என் ஆளேதான். பக்கத்தில் நிற்கிற மாதிரி. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஓர் இழுப்பு. மூச்சு பிடிபடாமல் தவிக்கிற இழுப்பு. படுக்கையில் விழுவதற்கு நாலு மாதம் முந்தி அனுப்பியது இது. போனில் அந்த இழுப்பு எனக்குக் கேட்டதே இல்லை. சோம்பலாகப் பேசுகிறார் என்று நினைத்தேன். "சீக்கிரம் பேசித் தொலைங்க" என்று பதில் அனுப்பினேன். நான்தான். இந்த வாயால்.

மகன் முகம் சுண்டிப்போனது. சட்டென்று மினுக்குக்கு மாற்றி, 'குரல் தெளிவு' என்று எதையோ அமுக்கினான். இழுப்பு போய்விட்டது.

"பாரும்மா, எவ்ளோ சுத்தமா இருக்கு."

சுத்தம்! செய்தி வாசிக்கிறவன் மாதிரி எவனோ பிரஷ் கேட்கிறான். பிணத்துக்குப் பவுடர் பூசின மாதிரி இருந்தது.

"இது வேணாம்."

"அந்த இழுப்பைத்தான் கேட்டுக்கிட்டு உக்காரணுமா நீ?"

கடையே திரும்பிப் பார்த்தது. வெறுங்கையோடு வந்தோம்.

ஜூன் 11

பக்கத்தில்தானே படுத்தேன்? எப்படிக் கேட்காமல் போனது? — ஏன் தெரியாது, தெரியும். மிச்சமிருந்த காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டுதான் தூங்குவேன், எந்தச் சத்தமும் எழுப்பக் கூடாதென்று. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஜூன் 12

காலையில் மகன் ஷூ மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "எனக்குக் கேட்டுச்சும்மா. அப்பாவோட அந்த இழுப்பு. தினம் சுவத்துக்கு அந்தப் பக்கம் கேக்கும். அப்பாதான் அம்மாகிட்ட சொல்லாதடான்னாரு. நானும் சொல்லல."

அடப்பாவி. கேட்டுக்கிட்டேவா படுத்திருந்த? அதான் உனக்கு சுத்தமான குரல் வேண்டியிருக்கா? — வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

ஜூன் 13

அவன் முகத்தில் விழிக்கவில்லை.

ஜூன் 15

கொழுந்தன் போன் செய்தார். "விளக்கு எரியறதையே வாங்கிடுங்க அண்ணி, பிள்ளை ஆசைப்படுறான்ல." வைத்துவிட்டேன். விளக்குக்கா ஆசைப்பட்டான் அவன்? அவன் வாயை மூடினான், நான் காதை மூடினேன். ரெண்டும் ஒரே அசிங்கம்தான்.

ஜூன் 19

தனியாகப் போய்க் கறுப்பையே வாங்கி வந்தேன். மகன் தொட மாட்டான் என்று நினைத்தேன். அவனே சுவரில் துளை போட்டு மாட்டினான். போனைக் கொடுத்தேன். முதல் சொல், இழுப்பு, அடுத்த சொல். எழுந்து போய்விடுவான் என்றுதான் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். பதினொன்றும் ஓடி முடிந்தது.

"உனக்குச் சரியா கேக்குதாம்மா? இன்னும் கொஞ்சம் கூட்டட்டா?"

"கூட்டு" என்றேன்.